கணவனைக் காக்கும் கதை முடிவுகள்

பிடோக்கில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மூத்தோர்க்கென்று பழைய படமொன்று காட்டப்பெற்றது. படம் ‘புதிய பறவை’. 1964-ஆம் ஆண்டு வெளிவந்தது; தாதா மிராசி இயக்கியது; சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம். ஆர். ராதா முதலியோர் நடித்தது. நாற்பது பேரளவில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தோம். இறுதிக் கட்டம் வந்தது. தன் மனைவி தன் கையால் மாண்டதை ஒப்புக்கொண்டு கோபால் நிற்கின்றான். அவனை அகப்படுத்துதற்கென்றே காதலிபோல் நடித்த காவல்துறைப் பெண்ணாகிய லதா, நடிப்பு மெய்யாகிவிட்டதென்றும், அவன் வரும்வரை தான் காத்திருப்பதாகவும் கூறுகின்றாள். கூட்டத்தில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். பொய் சொல்வானேன்? நாமும் துடைத்துக்கொண்டோம்.

விளக்கு ஏற்றியதும், முன் வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எம் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, தண்டவாளத்துல கிடந்தாளே ஒருத்தி, அவளுக்காக யாரும் அழலையா?” என்று கேட்டார். எமக்கு விடை தோன்றவில்லை.

பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அக்கேள்வியைக் காதில் வாங்கினாரில்லை. அவர் வேறொரு மகிழ்ச்சியில் இருந்தார். “கதை என்றால் இப்படி முடியவேண்டும் ஐயா! குற்றவாளி குற்றத்தை ஒப்புக்கொண்டான், காதலும் தோற்கவில்லை, பார்த்தவன் நெஞ்சு நிறைந்து வீடு போகிறான். இப்போது வருகிறவற்றைப் பாருங்கள். புருஷன் பெண்டாட்டியைச் சித்திரவதை செய்கிறான். பெண்டாட்டி புருஷனுக்குக் குழி வெட்டுகிறாள். கடைசியில் யார் வென்றார், யார் தோற்றார் என்றே விளங்கவில்லை. என் பேத்தியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு எத்தனை இரவு தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன்!” என்றார்.

ஆசிரியர் நல்லவர், எமக்கு வேண்டியவர். இதனைப் படித்தபின்னும் நம்மோடு காப்பி குடிக்க வருவார் என்றே நம்புகின்றோம். ஆயினும், அவர் சொன்னது அவர் ஒருவருடைய அபிப்பிராயமன்று. கெட்டுப்போன மணவாழ்வைப் பொருளாகக் கொண்ட மர்மக் கதை எதுவாயினும், நாவலாயினும் படமாயினும், நம்மவர் அதன்மேற் கூறும் முதற்குறை இதுதான்: முடிவு மனத்தைக் கலக்குகின்றது, நிம்மதி தரவில்லை, குடும்பத்திற்கு ஆகாது. கலக்குவது குற்றமென்றால், எவரைக் கலக்குகின்றது என்று கேட்க நமக்கு உரிமையில்லையா? நிம்மதி தருவது சிறப்பென்றால், எவருடைய நிம்மதி, எவருடைய செலவில் என்று கணக்குக் கேட்கவேண்டாவா? நாம் சொல்ல வந்ததை மறைவின்றிச் சொல்லிவிடுகின்றோம். நம்முடைய பழைய ‘நிறைவான’ முடிவுகளிற் பெரும்பாலானவை, ஓங்கிய கணவன் கையைக் கழுவிக் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டவை. தூக்கத்தைக் கெடுக்க வேண்டியவை அவைதாம்.

‘புதிய பறவை’யையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அது நம் ஊர்க் கதை. கோபால் சிங்கப்பூர்ச் செல்வன். சித்ராவை அவன் காண்பதும் மணப்பதும் சிங்கப்பூரில். அவள் நடன விடுதியிற் பாடுகின்றவள். மணத்திற்குப் பின்னும் குடியும் கூத்துமாக இருக்கின்றவள். கணவன் சொல்லை மதியாதவள். ஒருநாள் சினம் மிகுந்து அவன் அறைகின்றான். அவள் விழுந்து சாகின்றாள். அவளுக்கு இதயம் பலவீனமாம். உடனே அவன் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினானா? இல்லை. உடலைத் தண்டவாளத்திற் கிடத்தினான், அவள் தானே மாய்ந்தாள் என்று உலகம் நம்பும்பொருட்டு. பின்னர்க் கப்பலேறினான், லதாவைக் கண்டான், பாட்டுப் பாடினான். இரயிலின் ஓசை கேட்டால் மட்டும் நடுங்கினான்.

இக்கதையின் பிறப்பு வரலாறு படத்தைவிடச் சுவையானது. 1958-ஆம் ஆண்டு மைக்கேல் ஆண்டர்சன் என்பார் இயக்கத்தில் ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்னும் ஆங்கிலப் படமொன்று வந்தது. அதைத் தழுவி 1963-இல் வங்காளத்தில் ‘சேஷ் அங்க’ வந்தது, அதிலிருந்து தமிழ். ஆங்கில மூலத்திற் கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. இறந்துபோன தமையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து நிற்க, ‘இவன் என் அண்ணன் இல்லை’ என்று ஒரு பெண் கதறுகின்றாள். இறுதியில், தன் உடன்பிறந்தானைத் தானே கொன்றதை அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுகின்றாள். அவளைப் பொறியிற் சிக்கவைத்தவரும் காவல்துறையாரே. தமையனை மனைவியாக்கி, கொன்ற பெண்ணை ஆணாக்கி, வங்காளியரும் நாமும் கதையை நம் வீட்டிற்குள் கொண்டுவந்தோம். அதனால் குற்றமில்லை. கதைகள் கடல் கடந்து வேடம் மாற்றிக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குற்றவாளி பெண்ணாயிருந்தவரையில், ‘உனக்காகக் காத்திருப்பேன்’ என்று சொல்ல எந்த ஆண்மகனும் அங்கே நிற்கவில்லை. குற்றவாளி ஆணாக மாறியபின் காத்திருக்க ஒருத்தி அவசியமாகிவிட்டாள்! படத்தின் உணர்ச்சி முழுவதும் அந்தக் காத்திருத்தலின்மேல் கட்டப்பட்டிருக்கின்றது.

அடுத்தது, அந்தப் பலவீனமான இதயம். அறைந்தவனைக் கொலைகாரனென்று பார்ப்பவர் சொல்லிவிடக்கூடாதே என்பதற்காகக் கதாசிரியர் எழுதிக்கொடுத்த மருத்துவச் சான்றிதழே அது. ‘வேறொருத்தியாயிருந்தால் ஓர் அறையில் செத்திருக்கமாட்டாள், ஆகவே செத்தது அவள் குறை’ என்பதுதான் அதன் பொருள். இந்தச் சமாதானத்தைச் சட்டங்கூட ஏற்பதில்லை. படம் வந்த காலத்தில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரே அச்சில் வார்த்த தண்டச் சட்டமே நடப்பிலிருந்தது. அதன் 299-ஆம் பிரிவின் முதல் விளக்கத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம். நோயோ உடற்குறையோ உள்ள ஒருவருக்குக் காயம் உண்டாக்கி, அதனால் அவர் சாவை விரைவுபடுத்தியவன், அச்சாவை உண்டாக்கியவனாகவே கொள்ளப்படுவான் என்பது அதன் கருத்து. குற்றம் எந்த வகை, தண்டனை எவ்வளவு என்பனவெல்லாம் அவன் நோக்கத்தையும் அறிவையும் பொறுத்தவை. அவை வேறு வழக்கு. ஆனால் ‘அவள் நெஞ்சு பலவீனம்’ என்று சொல்லி அவளுடைய சாவை அவள் தலையிலேயே கட்டிவிட முடியாது. கல் நெஞ்சினர் என்று நாம் ஏசும் சட்டக்காரர்களுக்கு இருந்த நெஞ்சு, நம் கதைக்காரர்களுக்கு இல்லாமற்போயிற்று.

‘அவள் நல்லவளா?’ என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவள் குடித்தாள், ஆடினாள், குடும்பத்தின் பெயரைக் கெடுத்தாள் என்று படம் அரைமணி நேரம் சாட்சியம் சேர்க்கின்றது. அவள் பக்கம் பேச ஒருவரும் இல்லை. அவள் கெட்டவளென்றே வைத்துக்கொள்வோம். 1961-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் மாதர் சாசனம் நடப்புக்கு வந்துவிட்டது. முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியதும், மணவிலக்கிற்கு வழி வகுத்ததும் அச்சாசனந்தான். செல்வனாகிய கோபாலுக்கு வழக்கறிஞர் கிடைக்கமாட்டாரா? கதையில் அந்தக் கதவு இருப்பதாகவே காட்டவில்லை. காட்டினால் அறைக்கு இடமேது? மானம் என்ற ஒன்றைச் சொல்லி எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, பிறகு ‘பாவம், வேறென்ன செய்வான்!’ என்று நம்மை அழவைக்கின்றார்கள். சிவாஜி கணேசன் அழுதால் கல்லும் அழும். அதுதான் இப்படத்தின் ஆபத்து. திறமையில்லாதவன் சொன்ன பொய் அன்றே செத்துவிடும்.

இது தமிழனுக்கு மட்டும் வந்த நோயென்று நாம் சொல்ல வரவில்லை. மேனாட்டாரும் இதே மருந்தை இதே புட்டியில் ஊற்றித் தந்தவர்கள்தாம். டாஃப்னி டு மோரியே அம்மையாரின் ‘ரெபெக்கா’ நாவல் 1938-இல் வந்தது. அதிற் கணவன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்று, உடலைப் படகில் வைத்துக் கடலில் அமிழ்த்துகின்றான். 1940-இல் ஹிட்ச்காக் அதனைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றி இன்புற்று வாழ்வதாகக் காட்ட அந்நாட்டுப் படத்துறையின் ஒழுக்க விதி இடந்தரவில்லை. என்ன செய்தார்கள்? கணவனைத் தண்டித்தார்களா? இல்லை, மனைவியைத் தடுக்கி விழவைத்தார்கள்! தலையில் அடிபட்டு அவளே செத்தாளாம். அவன் உடலை மறைத்தது மட்டுமேயாம். சித்ராவின் இதயமும் ரெபெக்காவின் தலையும் ஒரே காரணத்திற்காகப் பழுதுபட்டவை.

அதற்கடுத்த ஆண்டே அவர் எடுத்த ‘சஸ்பிஷன்’ இன்னும் மோசம். மூலமாகிய 1932-ஆம் ஆண்டு நாவலில், கணவன் தரும் பானத்தில் நஞ்சிருப்பதை அறிந்தே மனைவி குடிக்கின்றாள். படித்தவர் நெடுநாள் மறக்கமுடியாத முடிவு அது. காதல் என்று நாம் பெயரிட்டிருப்பதன் அடியில் என்ன கிடக்கின்றதென்று காட்டும் முடிவு. படத்திலோ, கணவன் நல்லவனே, மனைவிக்குத்தான் வீண் சந்தேகம் என்று முடித்தார்கள். கணவன் வேடமிட்டவர் மக்கள் நேசித்த நடிகர். அவரைக் கொலைகாரனாகக் காட்டினால் கொட்டகை தாங்காதாம். விளைவு என்ன? ‘உன் அச்சமெல்லாம் உன் மனக்கோளாறு’ என்ற செய்தி, அச்சத்தோடு வாழ்ந்த எத்தனையோ பெண்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்லப்பட்டது.

நிற்க. ‘கலக்கம் தரும் முடிவு மேனாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது’ என்று ஆசிரியரும் அவரைச் சார்ந்தோரும் கூறுவர். தமிழ் படித்தவர்கள் இதனைச் சொல்லும்போது நமக்கு வியப்பாயிருக்கின்றது. ஐம்பெருங்காப்பியங்களின் பெயரை ஒப்புவிக்கும்போது ஐந்தாவதாக வாயில் வரும் பெயர் எது? குண்டலகேசி. அதன் கதை என்ன?

பத்திரை என்னும் செல்வர் வீட்டுப் பெண், கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்படும் காளன் என்ற திருடனைக் கண்டு காதல் கொள்கின்றாள். தந்தை அவனை விடுவித்து மணம் முடித்து வைக்கின்றான். சிலகாலம் இன்பமாய் வாழ்கின்றார்கள். ஒருநாள் ஊடலில், ‘நீ திருடன்தானே’ என்று அவள் விளையாட்டாகச் சொல்லிவிட, அச்சொல் அவனுக்கு முள்ளாய்த் தைக்கின்றது. அவளைக் கொல்லக் கருதி, இன்சொற் பேசி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கின்றான். உச்சியில் உண்மையைச் சொல்கின்றான். அவள் அழவில்லை, காலில் விழவில்லை. ‘சாகுமுன் கணவனை வலம்வந்து வணங்க விரும்புகின்றேன்’ என்கின்றாள். பதிவிரதைகளின் வழக்கமன்றோ? அவனும் இசைகின்றான். மும்முறை வலம் வருவாள்போல் பின்புறம் வந்து, அவனை மலையிலிருந்து தள்ளிவிடுகின்றாள்.

இதனினும் கலக்கமூட்டும் முடிவு எந்த நாட்டு மர்மக் கதையில் இருக்கின்றது? கணவனே தெய்வம் என்ற சடங்கையே கயிறாகத் திரித்து, அக்கயிற்றால் உயிர் தப்பினாள் அவள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். இடி விழவில்லை. பூமி பிளக்கவில்லை. அவள் பித்தேறி அலையவில்லை. பாலி நூல்களிற் கணவன் பெயர் சத்துகன். அவன் அவளுடைய நகைக்காகக் கொல்லத் துணிந்தவன். அங்கே மலையில் வாழும் தெய்வம் ஒன்று இதைக் கண்டு, அறிவு ஆணுக்கு மட்டும் உரியதன்று, பெண்ணும் அறிவுடையவளே என்று வியந்து பாராட்டுகின்றது! பிறகு அவள் வீடு திரும்பவில்லை. துறவு பூண்டாள், சமண நூல்களைக் கற்றாள், பறித்த தலைமயிர் சுருண்டு வளர்ந்ததனால் குண்டலகேசி எனப் பெயர் பெற்றாள். ஊர் ஊராய்ச் சென்று, வாதுக்கு வருவோர் வரலாமென நாவற்கிளையை நட்டு நின்றாள். கடைசியிற் சாரிபுத்தரிடம் தோற்றுப் புத்த சங்கத்தைச் சேர்ந்தாள். கணவனைக் கொன்றவள் கடைசியில் அறிவு வாதத்தில் தோற்றாள். அதற்காக அழவுமில்லை, யாரும் அவளை அழவைக்கவுமில்லை. தேரிகாதையில் அவள் பெயரால் இன்றும் பாட்டிருக்கின்றது.

நாதகுத்தனார் இயற்றிய அக்காப்பியத்தில் இன்று நமக்கு எஞ்சியவை சில செய்யுட்களே. கதை நமக்குக் கிடைத்தது எப்படி? அதனை மறுப்பதற்கென்றே எழுந்த நீலகேசி என்னும் சமண நூலின் உரையிலிருந்து! எதிரி எழுதிய மறுப்புரை அவள் கதையைக் காப்பாற்றிற்று, தன்னவர் காப்பாற்றவில்லை. தமிழ் நாட்டிற் பௌத்தம் மங்கியதே நூல் அழிந்ததற்கு முதற்காரணம் என்பதை நாம் அறிவோம். முடிவைக் கண்டு அஞ்சி எவரோ தீயிட்டார் என்று கதை கட்ட நாம் விரும்பவில்லை. ஆயினும் ஒன்று உறுத்துகின்றது. கணவனுக்காக ஊரை எரித்தவளுக்குக் கோயில். கணவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்டவளின் ஏட்டுக்குக் கரையான்.

அவளை மீண்டும் மலைமேல் ஏற்றியது 1950-ஆம் ஆண்டில் வந்த ‘மந்திரி குமாரி’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படம், எழுதியவர் மு. கருணாநிதி. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டோடு கணவனும் மனைவியும் மலையேறுகின்ற காட்சியை அறியாத தமிழர் இல்லை. கொல்லப்போகின்றவன் இத்தனை இனிமையாகப் பாடுகின்றானே என்ற அச்சம் அந்தப் பாட்டின் இனிமைக்குள்ளேயே இருக்கின்றது. எம் தந்தையார் அப்பாட்டைக் குளிக்கும்போதெல்லாம் பாடுவார். அது ஒரு கொலைக்குச் செல்லும் வழிநடைப் பாட்டென்று எமக்குத் தெரிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

‘அப்படியானால் மனைவிமார் கணவன்மாரை மலையிலிருந்து தள்ளலாமா?’ என்று இந்நேரம் யாரேனும் கேட்டிருப்பார்கள். எப்போதும் கேட்கின்ற கேள்வி அது. எத்தனையோ நூற்றாண்டுகளாகக் குண்டலகேசியின் கதை சொல்லப்பட்டு வருகின்றது. அதனாற் கணவன்மார் மலையேற அஞ்சியதாக நாம் அறியோம். மனைவியை அடிக்கின்ற காட்சி எத்தனை நூறு படங்களில் வந்திருக்கின்றது! அறை வாங்கியபின் திருந்திய மனைவியர் எத்தனை பேர் திரையில் காலில் விழுந்திருக்கின்றனர்! அப்போதெல்லாம் ‘இது கணவன்மார்க்குக் கெட்ட பாடமாகாதா?’ என்று கேட்காத வாய், ஒருத்தி ஒருமுறை தள்ளினவுடன் திறப்பதேன்? கொலையை நாம் புகழவில்லை. மலையுச்சியில் மாற்றுவழி இல்லாதபடி ஒருத்தியைக் கொண்டுபோய் நிறுத்தியவன் எவன் என்பதை மறவாத கதை வேண்டும் என்கின்றோம்.

பிறரைச் சொல்லிவிட்டு நம் பக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. சீர்திருத்தக்காரர் கொண்டாடும் படங்களில் முதலிடம் பெறுவது 1954-இல் வந்த ‘இரத்தக் கண்ணீர்’. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம். ஆர். ராதா மேடைதோறும் நடித்துப் பின்னர்த் திரைக்கு வந்தது. மனைவியை எள்ளி, தாயை உதைத்து, பரத்தையின் வீடே கதியென்று கிடந்த மோகனசுந்தரம், தொழுநோய் பற்றிய பின்னர், தன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவே மணக்கவேண்டுமென்று வேண்டுகின்றான். அக்காலத்தில் இது எத்தனை பெரிய துணிவு என்பதை இளையோர் உணர்தல் அரிது. கொட்டகையில் வைதிகர் நெளிந்தனர், நெளியவேண்டியவர்களே. ஆனால் எழுபது ஆண்டு கழித்து அதே முடிவைப் பார்க்கும்போது நமக்கும் ஒரு நெளிவு உண்டாகின்றது. கட்டிக்கொடுப்பவன் யார்? அதே கணவன். கொடுக்கும் உரிமை கடைசிவரை அவன் கையிலேயே இருக்கின்றது. முதலில் தந்தை கொடுத்தார். பின்பு கணவன் கொடுக்கின்றான். ‘உனக்கு என்ன வேண்டும் அம்மா?’ என்று சந்திராவைக் கேட்க அந்தப் பகுத்தறிவுப் படத்திலுங்கூட ஒரு நொடி ஒதுக்கப்படவில்லை. அந்த நொடி இல்லாத முடிவு எத்துணைச் சீர்திருத்தம் பேசினாலும் பாதி முடிவே.

அந்த நொடியைத் தந்தது, நாம் அறிந்தவரையில், 1977-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘அவர்கள்’. மர்மப் படமன்று; ஆயினும் இராமநாதன் என்னும் அக்கணவன் சிரித்துக்கொண்டே மனைவியை வதைக்கும் முறை எந்த மர்மக் கதைக்கும் குறைந்ததன்று. ரஜினிகாந்த் பின்னாளில் ஏற்ற எந்த வேடத்தையும்விட அச்சந்தருவது அது. முடிவில் அனு கணவனோடும் சேரவில்லை. பழைய காதலனோடும் சேரவில்லை. நல்லவனான சனார்த்தனனோடும் சேரவில்லை. இரயிலேறிப் போகின்றாள். அவளோடு வருபவள் யார்? மாமியார், அக்கொடியவனைப் பெற்ற தாய்! மகனை விட்டுவிட்டு மருமகளோடு போகின்றாள். பார்த்தவர்கள் ‘யாரையாவது கட்டிவைத்திருக்கலாமே’ என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தனர். அந்த முணுமுணுப்பே அப்படத்தின் வெற்றி.

இக்காலத்துப் படைப்புகளுக்கு வருவோம். ஆசிரியரின் பேத்தி பார்ப்பவை அவைதாமே. ஜில்லியன் ஃப்ளின் 2012-இல் எழுதி, 2014-இல் படமான ‘கான் கேர்ள்’ இவ்வகைக்குத் தலையாயது. மனைவி, தான் கொலையுண்டதாக நாடகமாடிக் கணவனைச் சிக்கவைக்கின்றாள். பின்னர் வேறொருவனைக் கொன்றுவிட்டுக் குருதியோடு வீடு திரும்புகின்றாள். அவன் உண்மையறிந்தும், அவள் வயிற்றிற் பிள்ளை என்பதால், அவளோடேயே தங்கிவிடுகின்றான். கதவு சாத்தப்படுகின்றது, உள்ளே இருவரும். ஆசிரியர்க்குத் தூக்கம் கெட்டதில் வியப்பில்லை. இதன்மேற் பெண்கள் பக்கத்திலிருந்தே வந்த குறை ஒன்றை நாம் தள்ளிவிடவில்லை. பொய்க் குற்றஞ் சாட்டும் பெண்ணைப் படைத்துக் காட்டுவது, மெய்யாய் அடிபட்டவளின் சொல்லையும் ஐயுறுவார்க்குக் கோலெடுத்துக் கொடுப்பதாகும் என்பர். உண்மைதான். ஆனால் அந்த முடிவை நாம் விட்டுக்கொடுக்கமாட்டோம். ‘குழந்தைக்காகச் சேர்ந்திருங்கள்’ என்று நம் பெரியோர் எத்தனை வீடுகளிற் பஞ்சாயத்துச் செய்துவைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பியிருக்கின்றனர்! அவர்கள் போனபின் சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையே அம்முடிவு காட்டுகின்றது. அங்கே ஆண் சிக்கிக்கொண்டான் என்பதால் அது நமக்குப் புதிதாய்த் தோன்றுகின்றது.

2022-இல் வந்த இந்திப் படமாகிய ‘டார்லிங்ஸ்’ இதற்கு நேர்மாறாகக் கைநழுவியது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனை மனைவியும் அவள் தாயும் வீட்டிலேயே கட்டிப்போடும்வரை கதை கூர்மையாய்ச் செல்கின்றது. கடைசியில், அவனைக் கொல்லவேண்டாம் என்று அவள் முடிவு செய்கின்றாள், நல்லது. அந்த முடிவோடு நின்றிருந்தால், அவன் உயிரோடு இருக்கின்ற ஊரில் அவள் எவ்வாறு வாழ்வாள் என்ற கேள்வி நம்மோடு வீட்டுக்கு வந்திருக்கும். அதற்குள் இரயில் ஒன்று வந்து அவனை அடித்துத் தீர்த்துவிடுகின்றது. அவள் கையும் சுத்தம், ஆளும் தொலைந்தான். கோபாலுக்கு ஓர் இதயநோய் உதவியதுபோல இவளுக்கு ஓர் இரயில் உதவிற்று. கணவனைக் கழுவினாற் குற்றம், மனைவியைக் கழுவினாற் குணம் என்று நாம் சொல்லமுடியாது. கதை எவருக்காகவும் கை கழுவக்கூடாது.

‘ஊரில் நடப்பது வேறு, கதையில் நிம்மதியாவது இருக்கட்டுமே’ என்பார் உளர். ஊரில் என்ன நடக்கின்றது? இந்நாட்டு நாடாளுமன்றத்தில் 1995-ஆம் ஆண்டு, நியமன உறுப்பினராயிருந்த டாக்டர் கன்வல்ஜித் சோயின் குடும்ப வன்முறையைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை, ஆயினும் அதன் கூறுகள் பல அடுத்த ஆண்டு மாதர் சாசனத்திற் சேர்க்கப்பட்ட திருத்தங்களில் இடம்பெற்றன. அடிபட்டவர் நீதிமன்றஞ் சென்று பாதுகாப்பு ஆணை பெறும் வழி அதனால் விரிந்தது. மனைவியின் விருப்பத்திற்கு மாறாக அவளைத் தீண்டுவது கணவனுக்குமட்டும் குற்றமாகாது என்றிருந்த பழைய விலக்கு, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நீங்கிற்று. 2023-இல் நிறைவேறிய திருத்தம், உள்ளத்தைச் சிதைக்கும் கொடுமையும் வன்முறையே என்று வெளிப்படையாய் எழுதிவைத்தது. இவையனைத்தும் நல்லவை, போராடிப் பெற்றவை. ஆனால் ஆணையைப் பையில் வைத்துக்கொண்டு ஒருத்தி நீதிமன்றப் படியிறங்கும்போது அவள் கதை முடிந்துவிடுகின்றதா? அவள் பேருந்தில் ஏறவேண்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரவேண்டும். மின்தூக்கியிலிருந்து இறங்கி, அந்தக் கதவின் முன் நின்று, உள்ளே யார் இருக்கின்றார் என்று செவிசாய்க்கவேண்டும். அவள் வாழ்வில் ‘சுபம்’ என்ற எழுத்து விழுவதில்லை. அவளையும் நம்மோடு நாற்காலியில் உட்காரவைத்துப் படங்காட்டி, கடைசியில் அடித்தவனுக்காக அழு என்பது எந்த ஊர் நியாயம்?

இதனை நாம் ஏட்டறிவினால் எழுதவில்லை. அன்று கேள்வி கேட்ட மூதாட்டிக்கு இடச் செவி கேளாது. மணமான மூன்றாம் ஆண்டு, சோறு குழைந்துவிட்டதென்று கணவர் ஓங்கி அறைந்ததிலிருந்து கேளாது. பிடோக்கில் வீடு கிடைத்து வந்த நாளிலிருந்து அக்கம்பக்கத்தார்க்கெல்லாம் இது தெரியும். கணவர் காலமாகிப் பத்தாண்டுக்கு மேலாகின்றது, கூடத்துச் சுவரில் படம் இருக்கின்றது, மாலை இருக்கின்றது. “தங்கமான மனுஷன், கோவம் ஒண்ணுதான்” என்று வருகின்றவர்களெல்லாம் சொல்வர். அவருடைய கதைக்கு ஊரார் எழுதிவைத்த முடிவு அது. அந்த அம்மையார் அதனை மறுத்து ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அன்றிரவு நாற்காலிகளை அடுக்கிவிட்டு மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது, அவருக்கு நாம் குண்டலகேசியின் கதையைச் சொன்னோம். தமிழ்க் காப்பியமென்று சொன்னதும் முதலில் அவர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. மலை ஏறியதும் கவனித்தார். வலம்வந்த இடம் வந்தபோது, வலச் செவியை எம் பக்கம் திருப்பிக்கொண்டு, “எத்தனாவது சுத்துல தம்பி?” என்று கேட்டார்.

“மூன்றாவது சுற்றில், பெரியம்மா.”

அவர் சிரித்தார். மின்தூக்கி வந்து திறந்து, யாரும் ஏறாமலே மூடிக்கொண்டு மேலே போயிற்று. “எனக்கு நாப்பத்தாறு வருஷத்துல முதல் சுத்துகூடத் தோணலயே” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.